டாக்டர் சொன்னதில் பாதி

காலையில் கண் விழித்ததும் அவள் அசையக்கூடாது. அதுதான் அந்த வீட்டின் முதல் சட்டம். புரண்டு படுக்கக்கூடாது, தண்ணீர் குடிக்கக்கூடாது, எவ்வளவு முட்டிக்கொண்டு வந்தாலும் கழிவறைப் பக்கம் போகக்கூடாது, முக்கியமாகப் பேசக்கூடாது. அவள் புருஷன் கூடத்துக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடித் தெர்மாமீட்டரை இரண்டு உதறு உதறி அவள் நாக்குக்கு அடியில் செருகிவிட்டுப் பல் துலக்கப் போவார். திரும்பி வந்து அதை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "ஏறலை" என்றால் அவள் எழுந்து அடுப்படி வேலையைப் பார்க்கலாம். "ஏறிடுச்சு" என்றால் அன்று சாயங்காலம் மாமியார் சீக்கிரமே சாப்பாட்டை முடித்துக்கொண்டு, கூடத்துக் கட்டிலில் இருக்கும் மகனின் தலையணையை எடுத்துப்போய் மருமகளின் அறையில் போட்டுவிட்டு வருவாள். அந்த இரண்டு நாளைத் தவிர மாதம் முழுக்க அந்தத் தலையணை கூடத்தில்தான்.

புருஷன் ஒரு சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டர். பட்டறையிலும் தெருவிலும் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெற்ற தாய்கூட, மகனுக்குச் சம்பளம் உயர்ந்த வருஷத்திலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். அந்த மனிதருக்குத் தெரிந்தது சூடு. சூட்டைக் கரைத்துக் குடித்தவர். நீராவிக் குழாயில் புறங்கையை ஒரு நொடி வைத்துவிட்டு டிகிரி சொல்வார், மீட்டரில் போய்ப் பார்த்தால் அதுவேதான் இருக்கும். சூடு ஏறாமல் சாயம் பிடிக்காது, ஏறிய பிறகு பிடிக்காமல் இருக்காது என்பது அவருடைய வேதம். அந்த வேதத்தைத்தான் வீட்டுக்கும் கொண்டுவந்தார்.

அதற்கு வழி காட்டியவர் ஒரு டாக்டரம்மா. பாவம், அவருக்கே தெரியாமல் காட்டினார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியும் ஒன்றும் தங்கவில்லை என்று மாமியார் மூக்கைச் சிந்த ஆரம்பித்திருந்த சமயம், புருஷனும் பெண்டாட்டியுமாகப் போனார்கள். டாக்டரம்மா அவசரம் தெரியாத மனுஷி. ஒரு வாக்கியம் சொன்னால், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, புரிந்ததா என்று தெரிந்துகொண்டு அடுத்ததைச் சொல்வார்.

"மாசத்துல ஒரு தடவை கருமுட்டை வெளியில வரும். அது எப்பன்னு தெரிஞ்சுக்க ஒரு வழி, காலையில எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி உடம்புச் சூட்டை அளந்துக்கிட்டே வர்றது. முட்டை வந்ததும் சூடு லேசா ஏறும்."

சூடு, ஏறும். இந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படிச் சொல்லுங்க! இது எங்க லைன்" என்றார்.

"அதுல இன்னும் முக்கியமான ஒண்ணு சொல்லணும்" என்று சிரித்தார் டாக்டரம்மா. "அதுக்கு முன்னாடி, சார், உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எழுதிடறேன்."

"எனக்கா?" மாஸ்டர் முகம் கறுத்துவிட்டது. "தொட்டியில கோளாறுன்னா தொட்டியைப் பாருங்க. சாயத்தை எதுக்குச் சோதிக்கிறீங்க?"

பட்டறையில் ஒரு லாட் துணி கெட்டுப்போனால் முதலில் சாயத்தைத்தான் சோதிப்பார்கள். அது அவருக்கே தெரியும். ஆனால் அது பட்டறை, இது மானம். பெண்டாட்டியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவள் கதவருகில் திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் பேனாவைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஆக, அந்தப் பேச்சில் பாதி டாக்டரம்மாவிடமே தங்கிவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு மாஸ்டர் நான்கு வருஷம் குடித்தனம் நடத்தினார்.

அவளுக்குக் குழந்தை வேண்டும். இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. மாமியார் வாயை அடைக்கவோ வீட்டில் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளவோ மட்டுமல்ல, குழந்தையே வேண்டும். அவளும் அதே பட்டறையில்தான் வேலை பார்த்தாள், செக்கிங் மேஜையில். அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் சாயமேறிய துணி ஓடிக்கொண்டே இருக்கும். கறை, ஓட்டை, நிறம் லேசாக மாறிய இடம் எதுவானாலும் அவள் கண் பிடித்துவிடும், விரல் தானாகப் போய் ஸ்டிக்கரை ஒட்டிவிடும். சாப்பாட்டு நேரத்தில் மற்றப் பெண்கள் சாப்பிட, அவள் வேலைக்கு வரும் தாய்மார்களின் குழந்தைகளை விட்டுவைக்கும் பின்கட்டு அறைக்குப் போய் உட்காருவாள். கழித்துப்போட்ட துணியை மடித்து விரித்து, வரிசையாகப் படுக்க வைத்திருப்பார்கள். யாராவது ஒன்று அழுதால் முதலில் ஓடுவது அவள்தான். கழித்த துணியில் மெத்தென்று இருக்கும் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, ஓரம் அடித்து, பீரோவுக்கு மேலே ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். எதற்கு என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மாஸ்டர் அந்த மூட்டையை ஒருநாள் பார்த்துவிட்டார். மறுநாள் டீ நேரத்தில் பாய்லர்க்காரனும் சுமை ஆட்களும் சூழ்ந்திருக்க, செக்கிங் மேஜைக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்:

"என் வீட்ல ஒரு லாட் கிடக்குதுப்பா. எத்தனை தடவை சூடேத்தி எடுத்தாலும் வெள்ளையாவே வருது. சாயம் பிடிக்க மாட்டேங்குது."

சிரிக்காதவன் யாரும் இல்லை. மாஸ்டர் சொன்னால் சிரிக்க வேண்டும், அது சம்பளத்தில் சேர்ந்தது. அன்றிலிருந்து அவளுக்குப் பட்டறையில் 'வெள்ளை' என்று பெயர். "வெள்ளையக்கா, இந்தத் துணியைக் கொஞ்சம் பாருங்க" என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள்கூடக் கூப்பிட்டார்கள், பாசமாகத்தான். அவர்களுக்கு அந்தப் பெயரின் கதை தெரியாது.

வீட்டில் மாமியார் இன்னொரு ரகம். குரலை உயர்த்த மாட்டாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, "நல்லா சாப்பிடு. உனக்கென்ன, பங்கு கேக்க யார் இருக்கா?" என்பாள். பக்கத்து வீட்டுக்காரி குழந்தையோடு வந்தால் மருமகளைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். ஒருநாள் மருமகளின் உள்பாவாடையைத் துவைக்கப் போடும்போது ஈரக்கறை ஒன்றைப் பார்த்துவிட்டு, "இந்த ஒழுக்குதான் எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போகுது. உடம்பா இது, ஓட்டைப் பானை" என்று சொல்லி, எதையோ காய்ச்சிக் கசக்கக் கசக்கக் குடிக்க வைத்தாள். மாதாமாதம் சில நாள் வரும் அந்த வழவழப்பு ஒரு நோய் என்று அவளும் நம்பினாள். அந்த நாட்களில் கூசிக் குறுகிப்போய், புருஷன் தலையணை கூடத்திலேயே இருப்பது நல்லதாயிற்று என்று நினைத்துக்கொள்வாள்.

ஆறாம் வருஷம் மழை தொடங்கியபோது மாமியார் முடிவைச் சொன்னாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தை வெட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க ஒண்ணுவிட்ட தங்கச்சி வழியில ஒரு பொண்ணு இருக்கு. வருஷக் கடைசி வரைக்கும் பார்ப்போம். இல்லைன்னா விவாகரத்துக்கு நீயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடு. சண்டை போட்டுப் போனா உனக்குத்தான் அசிங்கம்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் நகத்துணுக்கை ஊதிவிட்டு, "அம்மா சொல்றதுல என்ன தப்பு?" என்றார்.

அடுத்த வாரம் பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவள் தனியாக அந்த டாக்டரம்மாவிடம் போனாள். நான்கு வருஷத்தில் அவருக்குத் தலை நரைத்திருந்தது. அவளை நினைவிருந்ததா தெரியவில்லை. ஆனால் அவள், "சூடு ஏறினதும் அன்னைக்கே சேர்ந்துடறோம் டாக்டர், மத்த நாளெல்லாம் அவர் தள்ளியே இருக்காரு. ஒருதடவைகூட தவற விட்டதில்லை" என்று பெருமையாகச் சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஏறின அன்னைக்கா?"

"ஆமா டாக்டர். அன்னைக்கும் மறுநாளும்."

"ஏம்மா, சூடு ஏறுதுன்னா முட்டை வந்து முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்மா. அது ஒருநாள்கூடத் தாங்காது. கடையைச் சாத்திப் பூட்டிட்டுப் போனதுக்கப்புறம் போய்க் கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. டாக்டரம்மா பழையபடி நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார். ஆணின் வித்து உள்ளே போனால் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்கூட உயிரோடு காத்திருக்கும். முட்டைதான் காத்திருக்காது. அதனால் முட்டை வருவதற்கு முந்தின இரண்டு மூன்று நாள்தான் நல்ல நாள். சூட்டை மாதக்கணக்கில் அளப்பது, அடுத்த மாதம் முட்டை எப்போது வரும் என்று ஊகிப்பதற்குத்தான்.

"அப்ப முன்னாடியே எப்படித் தெரியும் டாக்டர்?"

"உடம்பே சொல்லும்மா. ஈரம் படும். கெட்டியா வெள்ளையா இல்லாம, தெளிவா, வழவழன்னு, முட்டையோட வெள்ளைக்கரு மாதிரி. ரெண்டு விரல்ல எடுத்தா நூலா இழுபடும். அந்த வழவழப்புலதான் வித்து உயிரோட இருக்கும். உங்களுக்கு அப்படி வருதா?"

வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. துணியில் மயிரிழை நிறம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவள், தன் உடம்பு மாதாமாதம் போட்ட அடையாளத்தை நோய் என்று துவைத்துப் போட்டிருக்கிறாள். கசப்புத் தண்ணீர் வேறு குடித்திருக்கிறாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டரம்மா எழுந்து வந்து தோளில் கை வைத்து, "அன்னைக்கே சொல்லியிருப்பேன். நீங்க கேக்காமப் போயிட்டீங்க" என்றார். அப்படியானால் அவருக்கும் நினைவிருந்திருக்கிறது.

"அவரையும் ஒரு டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்று பின்னாலிருந்து சொன்னதும் கேட்டது.

வீடு வரும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருஷம் போனது போகட்டும், இனி ஒரு வழி இருக்கிறது! அதிர்ஷ்டம் பாருங்கள், அன்றே ஈரம் பட்டிருந்தது. இரண்டு விரலில் எடுத்துப் பார்த்தாள். நூலாக இழுபட்டது. சாயங்காலம் மாஸ்டர் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது அறைக்குள் கூப்பிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். தனியாகப் போனதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கடைசியில், முகம் சிவக்க, "இன்னைக்கு இங்கயே படுங்க" என்றாள்.

மாஸ்டர் துண்டைத் தோளில் போட்டார்.

"காலையில பார்த்தேன். ஏறலை."

"அதைத்தாங்க சொல்றேன். ஏறினா முடிஞ்சுபோச்சாம். ஏறுறதுக்கு முன்னாடிதானாம்."

"எனக்கு டெம்பரேச்சர் சொல்லித் தர்றியா நீ?" அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "சூடேறாத தொட்டியில சாயத்தைக் கொட்டுன்னு சொல்றா பாரு. ஒழுக்கு பிடிச்ச உடம்பை வெச்சுக்கிட்டு, வான்னு கையைப் பிடிச்சு இழுக்கறே. வெக்கமா இல்லை?"

கதவுக்கு வெளியே மாமியார் நின்றிருந்தாள். "புருஷனைக் கூப்பிட்டுக் கேக்குற அளவுக்கு வந்தாச்சா?" என்று அவள் கேட்டது தெருவுக்கே கேட்டிருக்கும். அன்றும் தலையணை கூடத்தில்தான் கிடந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலை மாஸ்டர் தெர்மாமீட்டரை உருவிப் பார்த்து, வெற்றியோடு, "இப்பத்தான் ஏறியிருக்கு" என்றார்.

அதோடு விட்டாரா? அன்றைக்கு டீ நேரத்தில், "நம்ம வெள்ளைக்கு இப்ப அவசரமாம். கையைப் பிடிச்சு இழுக்குறா. நான்தான், இரும்மா, பாய்லர் சூடாகட்டும்னு சொன்னேன்" என்று ஆரம்பித்து, அறைக்குள் அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார். பாய்லர்க்காரன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். செக்கிங் மேஜையில் துணி ஓடிக்கொண்டே இருந்தது. முதல்முறையாக அவள் ஒரு பெரிய கறையைப் பார்த்தும் ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டாள்.

அவள் அன்றைக்கு ஒன்றைப் புரிந்துகொண்டாள். இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லிப் பயனில்லை. பாதரசம் சொன்னால்தான் கேட்பார். அப்படியானால் பாதரசத்தையே பேச வைத்துவிட வேண்டியதுதான்.

ஒரு சின்ன பிளாஸ்க் வாங்கி, வெந்நீர் ஊற்றி, கட்டிலுக்கு அடியில் தலைமாட்டுப் பக்கம் தள்ளி வைத்தாள். அடுத்த மாதம் ஈரம் பட்ட காலையில், மாஸ்டர் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டுப் பல் துலக்கப் போனதும், அதை உருவிவிட்டு ஒரு மடக்கு வெந்நீரை வாயில் வைத்திருந்து விழுங்கி, திரும்பச் செருகிக்கொண்டாள். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மாஸ்டர் பார்த்துவிட்டு, "நூத்தி ரெண்டா? காய்ச்சல்!" என்று ஓரடி பின்வாங்கினார். மாமியார் மாத்திரையும் கையுமாக ஓடி வந்தாள். மருமகள்மேல் கரிசனம் ஒன்றுமில்லை, மகனுக்கு ஒட்டிக்கொள்ளக்கூடாதே என்றுதான். நான்கைந்து நாள் அறைக்கதவையே சாத்தி வைத்தார்கள். அந்த மாதம் அப்படிப் போயிற்று.

வருஷம் முடிய இன்னொரு வாய்ப்புத்தான் இருந்தது. அவள் வெந்நீரோடு தண்ணீர் கலந்து, விரலை விட்டுப் பார்த்து, வாயில் எவ்வளவு நேரம் வைத்தால் எவ்வளவு ஏறுகிறது என்று மாஸ்டர் இரவு ஷிப்டுக்குப் போன நாட்களில் பழகினாள். மாஸ்டரின் பெண்டாட்டி அல்லவா, சூட்டைப் பிடிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அந்த மாதம் ஈரம் பட்டது. நூல் இழுபட்டது. மாஸ்டர் குழாயடியில் தொண்டையைக் காறிக்கொண்டிருந்தார். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"ஏறிடுச்சு" என்றார் மாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "என்ன இந்தத் தடவை சீக்கிரமா ஏறியிருக்கு? பாய்லர் பழசாயிடுச்சு."

சாயங்காலம் தலையணை வந்தது. மறுநாளும் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் அவர் எழுந்து லுங்கியை இறுக்கிக்கொண்டு, "கடைசி தடவையா இருந்தாலும் இருக்கும். நல்லா ஞாபகம் வெச்சுக்க" என்றார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம். இரண்டு நாளிலும் ஒருதடவை அவள் முகத்தைத் தொட்டிருந்தால், ஏன், தலையணையைத் திரும்ப எடுத்துப் போகாமல் ஓரமாக விட்டுவைத்திருந்தால்கூட, இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டுதான் போனார்.

வக்கீலைப் பார்க்க நாள் குறித்திருந்தது. அதற்கு முன்பே அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மாமியாருக்கு அது கவனத்தில் இல்லை. புதுப் பெண்ணுக்குத் துணி எடுப்பதிலேயே அவள் மும்முரமாக இருந்தாள். கையெழுத்துப் போடப் போகும் காலையில் பட்டறைக் கழிவறையில் நின்றுகொண்டு, மருந்துக்கடையில் வாங்கிய டெஸ்ட் அட்டையை அவள் பார்த்தாள். இரண்டு கோடு. இரண்டாவது கோடு மெலிதாகத்தான் இருந்தது, ஆனால் மெலிந்த நிறத்தைப் பார்த்துச் சொல்வதுதானே அவள் பிழைப்பு. அட்டையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு வேலைக்கு மணி அடித்துவிட்டது.

சொல்லிவிடத்தான் போனாள். அதில் சந்தேகம் வேண்டாம். அவமானத்தையெல்லாம் மறந்து, வயிற்றில் இருப்பதற்கு ஒரு அப்பன் வேண்டும் என்று நினைத்துத்தான் வக்கீல் ஆபீஸ் படியேறினாள். உள்ளே மாஸ்டரும் மாமியாரும் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேஜைமேல் தாள்கள் தயாராக இருந்தன. வக்கீலின் குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரியறதுக்கு என்ன காரணம்?" என்று குமாஸ்தா சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"ரிஜெக்ட் ஆன லாட்டு சார். காரணம் என்ன இருக்கு?" என்றார் மாஸ்டர்.

அவள் நாற்காலியில் உட்காராமல், "என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வாயை மூடு. தெர்மாமீட்டர் வெச்சிருக்கிறதா நினைச்சுக்க."

குமாஸ்தா என்னவென்று கேட்க, மாஸ்டர் அந்தக் கதையை விவரமாகச் சொன்னார். குமாஸ்தா சிரித்தார். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் மகனுக்கு இவ்வளவு நகைச்சுவை இருப்பது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டாள். பழக்கம்தானே. பென்சில் புள்ளி இருந்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

அண்ணன் வீட்டில் அவள் அதிக நாள் தங்கவில்லை. தொலைவில் வேறொரு ஊரில் வேறொரு பட்டறையில் செக்கிங் வேலை கிடைத்தது, வாடகைக்கு ஓர் அறையும் கிடைத்தது. ரயிலேறும் முன்பு பழைய வீட்டுக்கு ஒருமுறை போனாள், பீரோ மேலிருந்த மூட்டையை எடுக்க. கோர்ட்டில் காகிதம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது, ஆனால் புதுப் பெண்ணை அதற்குள் 'வீட்டோட பழகட்டும்' என்று கூட்டிவந்து வைத்திருந்தார்கள். இருபது இருபத்திரண்டு வயசு இருக்கும். கண்ணைப் பார்த்தால் யாரையும் நம்பிவிடும் முகம்.

"அந்தக் கந்தலை வெச்சுக்கிட்டு இனிமே நீ என்ன பண்ணப் போறே?" என்றாள் மாமியார்.

"தரை துடைக்கலாம்" என்றாள் அவள்.

"எடுத்துக்க. வந்தது வந்தே, அந்தக் கண்ணாடிக் குச்சியை எப்படி வெக்கணும்னு இவளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போ. மாஸ்டர் சொன்னா இது பயந்து நடுங்குது." மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதே அறை, அதே கட்டில். அந்தப் பெண் ஓரமாக உட்கார்ந்து தெர்மாமீட்டரை உடைந்துவிடுமோ என்று இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். விழித்ததும் அசையக்கூடாது, நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், உதட்டை இறுக்கி மூட வேண்டும், பாதரசத்தை இப்படி உதறி இறக்க வேண்டும். எதையும் தப்பாகச் சொல்லவில்லை.

"ஏறினா அன்னைக்கேவா அக்கா?" பெண் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "எங்க அக்கா வேற மாதிரி சொன்னா. அதுக்கு முன்னாடி, ஈரம் படுற நாள்லதான்னு."

பீரோவின் கண்ணாடியில் இருவர் முகமும் தெரிந்தன. இந்தப் பெண் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஒரே ஒரு வார்த்தை, 'உங்க அக்கா சொன்னதுதாம்மா சரி' என்றால் போதும், இன்னொரு உயிர் இந்தக் கட்டிலில் வருஷக்கணக்கில் வெந்து சாகாமல் பிழைத்துப் போகும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. டீ நேரத்துச் சிரிப்பும் தெரிந்தது. இந்த வீட்டில் ஒரு தொட்டில் ஆடக்கூடாது, ஒருநாளும் ஆடக்கூடாது என்பது மட்டும்தான் அந்த நிமிஷத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது.

"உங்க அக்கா என்ன டையிங் மாஸ்டரா?" என்று சிரித்தாள். "அவருக்குத் தெரியாத டெம்பரேச்சரா? ஈரம் பட்டா அது நோய். அப்ப அவரைக் கிட்டவே விடாதே. ஏறின பிறகுதான்."

பெண் நிம்மதியாகத் தலையாட்டினாள். "உங்களுக்கு ஏன் அக்கா தங்கலை?"

"துணி சரியில்லைன்னு சொன்னாங்க. எங்கே, இப்ப ஒருதடவை வெச்சுக் காட்டு. அஞ்சு நிமிஷம். நடுவுல வாயைத் திறக்காதே, என்ன?"

பெண் கண்ணாடிக் குச்சியை நாக்குக்கு அடியில் வைத்து உதட்டை மூடிக்கொண்டாள். கண்ணால் மட்டும் விடை கொடுத்தாள். அவள் மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி, தெருமுனை தாண்டுவதற்குள் குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடை ஓரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். செய்துவிட்டு வந்த காரியத்தால்தான் குமட்டுகிறது என்று ஒரு கணம் பயந்துகூடப் போனாள். காய்கறி வாங்கிக்கொண்டு போன யாரோ ஓர் அம்மா நின்று, பையிலிருந்த தண்ணீரை நீட்டி, முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மாசமா இருக்கியாம்மா?"

அவள் வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அதுவரை அதை அவள் ஒரு மனுஷரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள் வாய்விட்டு.

அந்த அறையில் அந்தப் பெண் இன்னும் வாயைத் திறந்திருக்க மாட்டாள். அஞ்சு நிமிஷம் ஆகவில்லை.